ஆன்லைன் டெஸ்டில் எனக்கு "ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்" என்று வந்தது. சண்டை வந்தால் கணவர் பேச்சையே நிறுத்திவிடுகிறார். இது மனநோயா? மாறுமா?

மனநோய் இல்லை. நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்று பதறும் உறவுப் பாங்குக்குத்தான் இந்தப் பெயர். மாறும். ஆனால் அந்தப் பட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களிடம் இதை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஈ.சி.ஆர். (நெருங்கிய உறவு அனுபவங்கள்) வினாத்தாள் (1998) ஆட்களை வகை பிரிப்பதற்கானதல்ல. மொத்தம் 36 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 18 வாக்கியங்கள் 'விட்டுப் போய்விடுவாரோ' என்ற பதற்றத்தை அளக்கும். மற்ற 18 நெருக்கத்திலிருந்து ஒதுங்குவதை அளக்கும். பதற்றத்தில் 3.9 வாங்கியவருக்கும் 4.1 வாங்கியவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நடுவில் கோடு கிழித்துப் பெயர் வைப்பது இணைய டெஸ்டுகளின் வேலை. சண்டை போட்ட ராத்திரியில் நிரப்பினால் எண் ஏறித்தான் வரும்!

கணவருக்கு 'அவாய்டன்ட்' (நெருக்கத்தைத் தவிர்ப்பவர்) என்று நீங்களாக முத்திரை குத்தவும் வேண்டாம். தாய்-குழந்தைப் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் சோதனையில் ஒரு வயதுக் குழந்தையை விட்டுத் தாய் இருமுறை வெளியே போய்த் திரும்புவார். அவர் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பியதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம். சில குழந்தைகள் தாயைக் கண்டுகொள்ளாமல் விளையாடிக்கொண்டிருக்கும்; 'அவாய்டன்ட்' என்பது இவற்றைத்தான். பின்னாளில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, உள்ளே அவையும் பதறுவது தெரிந்தது. பேசாமல் எழுந்து போகிறவருக்கு உறைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் துரத்த, அவர் ஒதுங்க, அதைப் பார்த்து நீங்கள் இன்னும் துரத்த... இந்தச் சுற்றைத்தான் உடைக்க வேண்டும்.

அதற்கான ஏற்பாட்டை நல்ல மூடில் இருக்கும்போது பேசி வையுங்கள். சண்டை முற்றினால் யார் வேண்டுமானாலும் இடைவேளை கேட்கலாம். குறைந்தது 20 நிமிடம், ஏனென்றால் படபடப்பு அடங்க உடம்புக்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். போகிறவர் நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "எட்டரைக்கு வந்து பேசுறேன்." அவராகவே வரவும் வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். அவர் அப்படியே தூங்கிவிடுவார். அல்லது நீங்கள் அந்த 20 நிமிடமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். மனசுக்குள் அடுத்த வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாலும் படபடப்பு இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள்.

திரும்பப் பேசும்போது ஒரே விஷயம். "நீங்க எப்பவும் இப்படித்தான்" வேண்டாம். "பதில் வராதப்போ பயமா இருக்கு, லேட்டாகும்னா ஒரு வரி அனுப்புங்க" என்று கேளுங்கள். "என் மேல கோபமா?" என்பதை ஒருமுறை கேட்டால் போதும். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் ஆறுதல் சீக்கிரம் கரைந்துவிடும்.

மனநலத்தைப் பொறுத்தவரை, பதற்ற அளவு கூடியவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் மனச்சோர்வே 'என்னை விட்டுவிடுவார்' என்ற பயத்தைக் கிளப்பும். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் முதலில் அதற்கு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாள்கணக்கில் பேசாமல் தண்டிப்பது, செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, போனைப் பிடுங்குவது, கை நீட்டுவது. இவை அட்டாச்மென்ட் ஸ்டைல் அல்ல, வன்முறை. அங்கே இடைவேளைப் பயிற்சி உதவாது, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.