பாத்டப்பில் தேள், கராஜில் சிலந்தி: வருட ஒப்பந்தம் தேவையா?

அரிசோனாவின் சாண்ட்லரில் மார்ச் மாதம் வீடு வாங்கிக் குடியேறிய வாசகி ஒருவர் கேட்கிறார்: "பாத்டப்பில் இரண்டு முறை தேள் கிடந்தது. கராஜில் கருப்புச் சிலந்திகள் இருக்கின்றன. வீட்டுக்கே வந்த மருந்தடிக்கும் நிறுவனத்தின் ஆள், இது பிரவுன் ரெக்ளூஸ் என்ற விஷச் சிலந்தி என்றும், மாதந்தோறும் மருந்து அடிக்க ஓராண்டு ஒப்பந்தத்தில் இன்றே கையெழுத்திடாவிட்டால் என் இரண்டு வயது மகளுக்கு ஆபத்து என்றும் சொல்கிறார். கையெழுத்திடலாமா?"

வேண்டாம், அம்மா. இதற்குள் கையெழுத்திட்டிருந்தாலும் பதற வேண்டியதில்லை. வீடு தேடி வந்து விற்றவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யும் உரிமையை அமெரிக்க மத்திய அரசின் விதியே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பற்றி அந்த ஆள் வாய் திறந்திருக்க மாட்டார். கோடைக்கு முன் தெருத் தெருவாக வரும் இந்த விற்பனையாளர்களில் பலருக்குச் சிலந்தியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பெயரைச் சொன்னால் தாய்மார்கள் பயப்படுவார்கள் என்பதுதான். பிரவுன் ரெக்ளூஸ் அமெரிக்காவின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் சேர்ந்தது. உங்கள் ஊரின் சிலந்தி அல்ல. பழுப்பாக எதைக் கண்டாலும் அந்தப் பெயரைச் சூட்டுவது இங்கே ஒரு வியாபாரம்.

நீங்கள் பார்த்த கருப்புச் சிலந்தி பெரும்பாலும் பிளாக் விடோ என்ற விஷச் சிலந்தியாக இருக்கும். இரவில் டார்ச்சோடு கராஜின் கீழ் மூலைகளையும், காம்பவுண்டுச் சுவரின் அடிப்பகுதியையும், தண்ணீர் மீட்டர் பெட்டியையும் பாருங்கள்: ஒழுங்கற்ற வலையில் தலைகீழாகத் தொங்கும், வயிற்றின் அடியில் உடுக்கை வடிவில் சிவப்புக் குறி தெரியும். வலையைக் குச்சியால் கிழித்தால் காய்ந்த சருகு நொறுங்குவது போல மெல்லிய சத்தம் கேட்கும். அந்த அளவுக்கு உறுதியான இழை. செருப்பும் நீளமான குச்சியும் போதும், முட்டைப் பைகளையும் சேர்த்து நசுக்கிவிடலாம். கடித்தால் தசைப்பிடிப்பும் வலியும் கடுமையாக இருக்கும் என்பதால், விறகையோ பழைய பெட்டிகளையோ கையுறை இல்லாமல் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் முற்றத்தில் நடந்து போகும் உள்ளங்கை அளவு டாரண்டுலா சிலந்தி, பெண் தேடி அலையும் ஆண். அதை அதன் வழியில் போக விடுங்கள்.

இனி தேள். பாத்டப்பில் கிடந்தது என்றால் அங்கே குடியிருக்கிறது என்று பொருள் அல்ல. உள்ளே விழுந்த தேளால் வழவழப்பான பரப்பில் ஏறி வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான். வைக்கோல் நிறமுள்ள மெலிந்த இந்தத் தேள், பார்க் ஸ்கார்பியன் (bark scorpion, மரப்பட்டைத் தேள்), இரண்டு கிரெடிட் கார்டுகளின் தடிமன் அளவுள்ள இடுக்கில் நுழைந்துவிடும், சுவரிலும் கூரையிலும் ஏறும். தரையில் தெளித்த மருந்தின் மேல் கால் நுனிகளால் நடந்து போய்விடுவதால், மருந்தை மட்டும் நம்பினால் காசுதான் கரையும். பத்து, பதினைந்து டாலருக்குப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இருட்டிய பின் சுற்றுச்சுவரில் அடித்துப் பாருங்கள். தேள்கள் பச்சையாக ஒளிரும். நீளமான இடுக்கியால் பிடித்து அப்புறப்படுத்துங்கள். பகலில் கதவின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து ரப்பர் பட்டை பொருத்துங்கள், குழாய்கள் சுவருக்குள் நுழையும் ஓட்டைகளைச் சிலிகோன் பசை கொண்டு அடையுங்கள். ஆனால் வெளிச்சுவர்ப் பூச்சு கீழே முடியும் விளிம்பில் நீளவாக்கில் ஓடும் இடைவெளியை மட்டும் அடைக்காதீர்கள். சுவருக்குள் சேரும் ஈரம் வெளியேறும் வழி அது. அதையும் நுரை அடித்து மூடிவிட்டு நூற்றுக்கணக்கில் டாலர் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர்களைக் கொட்டினால் பெரும்பாலும் வலியும் மரத்துப்போதலும்தான். குளிர்ந்த ஒத்தடமும் வலி மாத்திரையும் போதும். உங்கள் மகளின் விஷயம் வேறு. இந்தத் தேளின் விஷம் நரம்பைத் தாக்கும், சிறு குழந்தைகளிடம் அது வேகமாகத் தெரியும். குழந்தை காரணம் தெரியாமல் ஓயாமல் கதறினால், கண்விழிகள் நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் உருண்டால், கை கால்கள் வெட்டி இழுத்தால், வாயில் எச்சில் வழிந்தால், மூச்சு சிரமப்பட்டால், கொட்டிய தேளைப் பார்த்தீர்களா இல்லையா என்று யோசிக்காமல் 911 அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் கொட்டியது மட்டும் தெரிந்தாலும், 1-800-222-1222 என்ற இலவச விஷமுறிவு ஆலோசனை எண்ணை உடனே அழைத்து, குழந்தையின் வயதைச் சொல்லி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் கொட்டிய இடத்துக்கு மேலே துணியால் இறுகக் கட்டச் சொல்வார்கள், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, அதன் கால்களைக் கண்ணாடி ஜாடிகளுக்குள் நிறுத்துங்கள், போர்வை தரையைத் தொடாமல் இருக்கட்டும். கண்ணாடியில் தேளால் ஏற முடியாது.

இந்தத் தேளின் விஷத்துக்கான முறிவு மருந்துக்கு 2011ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே பீனிக்ஸ் பகுதிப் பெண் ஒருவருக்கு அதன் இரண்டு குப்பிகளுக்காக 83,000 டாலருக்கு மேல் ரசீது வந்தது. அதே மருந்து எல்லைக்கு அப்பால், மெக்சிகோவில், அப்போது குப்பி ஏறத்தாழ நூறு டாலராக இருந்தது. இதைப் பற்றி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. தேவைப்பட்டால் தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பில்லைப் பிறகு சண்டை போட்டுக் குறைக்கலாம்; ஆனால் உங்கள் காப்பீட்டில் அவசர சிகிச்சைக்கு எவ்வளவு கைப்பணம் கட்ட வேண்டும் என்று இன்றே பார்த்து வையுங்கள்.

இன்னொன்று. அரிசோனாவில் வழக்கமாகப் பயன்படும் வீட்டை விற்பவர் நிரப்பித் தரும் வாக்குமூலப் படிவத்தில் தேள் உண்டா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தரகர் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாரா? அங்கே "இல்லை" என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பாத்டப்பில் கிடந்த தேளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பிறகு வழக்கறிஞரிடம் பேசுங்கள், தரகரிடம் அல்ல.