டாம்கேட்டில் லாகிங் மோதல்: ஒரே வகுப்பு எப்படி இரண்டாகிறது?

உங்கள் கணினியில் ஓடும் ஜாவா செயலி, டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஏற்றியதும் ‘லிங்கேஜ் எரர்’ என்று, லாகிங் (நிகழ்வுப் பதிவு) நூலகமான எஸ்எல்எஃப்4ஜே பெயரைச் சொல்லி விழுகிறது. அதன் வகுப்புகளைக் கட்டிவைத்த ஜார் கோப்பு இருக்கிறதே என்கிறீர்கள். இருப்பதுதான் சிக்கல். இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஜாவாவில் ஒரு வகுப்பின் அடையாளம் பெயர் மட்டுமன்று, அதை நினைவகத்தில் ஏற்றிய பகுதியான கிளாஸ்லோடரும் சேர்ந்தது. தோட்டத்து வழக்கில் சொன்னால், இரண்டு டிவிஷன் செக்ரோலிலும், அதாவது சம்பளப் பதிவேட்டிலும், ஒரு முனியம்மா இருக்கலாம். கணக்கு எழுதும் கிராணி இருவரையும் ஒருவராக்கிச் சம்பளம் போட்டுவிட மாட்டார்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைச் செயலியில் இதையே பார்த்தேன். யாரோ, பதிவுகளை உண்மையில் எழுதும் லாக்பேக்கையும், செயலி அழைக்கும் இடைமுகமான எஸ்எல்எஃப்4ஜே 1.7 ஏபிஐயையும் டாம்கேட்டின் பொது ‘லிப்’ அடைவில் போட்டிருந்தார்கள். செயலியின் ‘வெப்-இன்ஃப்/லிப்’ உள்ளே ஏபிஐ மட்டும். ஜாவாவின் சொந்த வகுப்புகள் போன்ற சிலவற்றைத் தவிர, டாம்கேட் இயல்பாகச் செயலியின் அடைவையே முதலில் பார்க்கும். ஆகவே ஏபிஐ உள்ளிருந்து வந்தது. லாக்பேக் வெளியிலிருந்து, அங்கிருந்த இன்னொரு ஏபிஐ நகலைக் கையில் பிடித்தபடி வந்தது. மோதாமல் என்ன செய்யும்? எடைபோட முடியாமல் குலை லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன.

பொது அடைவிலிருந்து அவற்றை நீக்கி, ஏபிஐ, லாக்பேக் கிளாசிக், லாக்பேக் கோர் மூன்றையும் செயலிக்குள்ளேயே வைத்து டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். எந்த வகுப்பு எந்த ஜாரிலிருந்து வருகிறது என்பதை ஜாவாவைத் தொடங்கும்போது கொடுக்கும் ‘-வெர்போஸ்:கிளாஸ்’ (-verbose:class) என்ற விருப்பம் காட்டிவிடும். நான் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். ஊகத்தில் ஜார்களை அழிப்பது எனக்குப் பிடிக்காது.