ஒரே ஆள், இரண்டு ஆட்டம்

கேள்வி: அயர்லாந்தில் ஒரே ஆள் ஹர்லிங், கேலிக் கால்பந்து இரண்டும் ஆடுவாராமே? என் பையன் கால்பந்தோடு ஹாக்கியும் ஆட ஆசைப்படுகிறான். உடம்பு தாங்குமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆடுவார்கள். ஹர்லிங் கட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்; கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். கார்க் கவுண்டியின் டெடி மெக்கார்த்தி 1990 செப்டம்பரில், இரண்டே வார இடைவெளியில், இரண்டு அகில அயர்லாந்து இறுதிப் போட்டிகளிலும் ஆடி ஜெயித்தார். சீனியர் ஆண்கள் ஆட்டத்தில் அப்படி ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர் அவர் ஒருவர்தான். அபாரமான சாதனை!

மைதானம் இரண்டுக்கும் ஒன்றுதான், பக்கத்துக்கு 15 பேர். ஓட்டம், இடம் பார்த்து நிற்பது எல்லாம் பொது. கைவேலைதான் வேறு. கேலிக் பந்து கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஹர்லிங் பந்து 120 கிராமைத் தாண்டாது. அதைப் பறக்கும்போதே ஆஷ் மரக் கட்டையால் அடிக்க வேண்டும். கட்டையைச் சில நாள் தொடாமல் விட்டால் அடி தப்பும்.

உங்கள் பையனுக்கும் இதே கணக்குதான். ஸ்டிக்கால் தினமும் 15 நிமிடம் தெருச் சுவரில் பந்து தட்டிப் பழகட்டும். அதில் உடம்பு களைக்காது. களைப்பது வேக ஓட்டத்தில். இரண்டு கோச்சும் தனித்தனியாக ஓடவிட்டால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். இருவரையும் பேசவைத்து ஒரே அட்டவணை போடுங்கள்: வேக ஓட்டம் வாரம் இரண்டு நாள், நடுவே இரண்டு நாள் இடைவெளி. தசை பிடித்தால் அன்றே நிறுத்துங்கள். வலியில்லாமல் முழு வேகத்தில் ஓட முடிந்த பிறகுதான் மேட்ச்.