தேர்தலில் நிற்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 34 வயது. எங்கள் ஊராட்சியில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஊக்குநராக இருக்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்த பெண் எம்.எல்.ஏ., "உங்களில் பத்துப் பேராவது அரசியலுக்கு வரணும்" என்று பேசினார். அதிலிருந்து அந்த நினைப்பு என்னை விடவில்லை. கட்சி கிடையாது, பணமும் கிடையாது. வீட்டுக்காரர், "நீ சும்மா நில்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதையெல்லாம்விட அதுதான் முக்கியம். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் கணக்கில் தவறு வந்தால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். பார்த்துக்கொண்டவர் பெயருக்கு வராது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பாசத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேட்புமனு வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: "பிரசாரத்துக்குக் கூட வாங்க, கூட்டம் இருக்கிற நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க. நாற்காலியில் நான் உட்காருவேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்." ஜெயித்த பிறகு இதைச் சொன்னால் வீட்டில் சண்டையாகிவிடும்.

கட்சி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை. ஒன்றிய, மாவட்ட வார்டுகளில்தான் கட்சிச் சின்னம் வரும். 2019 தேர்தலில் காப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. இதை வைத்துச் செலவே ஆகாது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். தலைவர் பதவிக்குப் பல ஊர்களில் பணம் தண்ணீராய் ஓடுகிறது. அதனால் முதல் முறை வார்டுக்கு நில்லுங்கள் என்பதே என் யோசனை. ஒரு வார்டை வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம். குழுக் கடனுக்காகவும் வங்கி வேலைக்காகவும் நீங்கள் ஏற்கெனவே ஏறி இறங்கிய வாசல்கள்தானே?

21 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிய ஆள் வேண்டும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசுச் சம்பளத்தில் இருந்தாலோ, ஊராட்சி ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலோ சிக்கல் வரும். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இடஒதுக்கீடு 2016 திருத்தத்தால் பாதியாக உயர்ந்தது. ஆனால் உங்கள் வார்டு பொது வார்டாக இருந்தாலும் நீங்கள் நிற்கலாம். இதைத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளும் பெண்கள் நிறைய.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றையும் விடாதீர்கள், குழுப் பெண்களையும் கூட்டிப் போங்கள். வரவு செலவு படிக்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரே ஒரு கேள்வி போதும். எரியாத தெருவிளக்காக இருக்கட்டும், தண்ணீர் வராத குழாயாக இருக்கட்டும். கேட்டதோடு விடாமல், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். அடுத்த சபையில், "போன தடவை எழுதினது என்ன ஆச்சு?" என்று எழுந்து நில்லுங்கள். இரண்டு மூன்று சபைக்குள் ஊருக்கு உங்களைத் தெரிந்துவிடும். தீர்மானம் எழுதுவதும் கணக்கு வைப்பதும் உங்களுக்குப் புதிதல்ல. குழுவில் செய்வதைத்தான் ஊராட்சி பெரிய அளவில் செய்கிறது.

அப்புறம், அந்த எம்.எல்.ஏ. மேடையில் அழைத்ததை அவர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், மனு வாங்கும் நாளில் ஒரு நாள் அலுவலகத்தில் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். எந்த மனு எந்த அதிகாரிக்குப் போகிறது என்று பார்ப்பதே பெரிய படிப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் போனதற்குப் பின்னால் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களின் உந்துதல் இருந்தது. உள்ளே போனவர் தேவதாசி முறைக்கு எதிராக அங்கே குரல் எழுப்பினார். அதை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. ஒரு பெண்ணை அழைப்பவருக்கும் அவளைக் கடைசிவரை தாங்கும் கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் கேட்டு வாங்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு கிளப்புவார்கள். வலிக்கும். வீட்டாரிடமும் குழுவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் பதில் எழுதாமல் திரைப்பதிவு எடுத்து, சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் நாளிலிருந்தே செலவுக்குத் தனி நோட்டு போடுங்கள். டீச் செலவு முதல் துண்டறிக்கை வரை எழுதுங்கள். தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காதவர்கள் மூன்று வருடம் போட்டியிட முடியாமல் போகலாம்.