நேர்காணலுக்கு அழைப்பு வரும்படி ரெஸ்யூமே எழுதுவது எப்படி?

ஒரு குறிப்பிட்ட வேலைக்கு நீங்கள் பொருந்துவீர்கள் என்பதை ஆதாரத்தோடு சொல்லும் ஒன்றிரண்டு பக்கக் குறிப்புதான் ரெஸ்யூமே.

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் தேனிக்குப் போகிறவர் பஸ்ஸின் முன்பலகையைத்தான் பார்ப்பார். அதில் ஊர் பெயர் தெரியாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நகர்ந்துவிடுவார். ஆள் எடுப்பவரும் அப்படித்தான். மேசையில் விண்ணப்பங்கள் குவிந்திருக்கும். விளம்பரத்தில் தாம் கேட்ட தகுதி முதல் சில வரிகளிலேயே கண்ணில் படுகிறதா என்று தேடுவார். அதனால் அந்தத் தகுதியை மேலே வையுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் கடைசியில் வரட்டும்.

கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர், ‘கணக்குப் பணி, 2 ஆண்டுகள்’ என்று மட்டும் எழுதினால் எதுவும் புரியாது. ‘டேலி கணக்கு மென்பொருளில் தினமும் 40 ஜிஎஸ்டி பில் போட்டேன்; மாதக் கணக்கை 5ஆம் தேதிக்குள் முடித்தேன்’ என்று எழுதினால், அவர் வேலை செய்வதே கண்முன் தெரிகிறது. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரலாம். ஒவ்வொரு விளம்பரமும் கேட்கும் தகுதி வேறு என்பதால், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நகலை அனுப்பாதீர்கள்.

மதம், தந்தை பெயர், திருமண விவரம் எல்லாம் இருந்தால்தான் ரெஸ்யூமே முழுமையாகும் என்று பலர் நம்புகிறார்கள். தனியார் வேலைகளுக்கு, விளம்பரத்தில் கேட்டிருந்தாலொழிய, அவை தேவையில்லை.