கேரவனில் நாயும் வருகிறது: கடலோர ஈரக்காற்றில் கவனம்

கேள்வி: நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டோம். ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து மார்த்தாண்டத்திலிருந்து பூவார், கோவளம், வர்க்கலா, ஆலப்புழா என்று கடலோரமாகவே பத்து நாள் நிதானமாகப் போய்வர ஆசை. எட்டு வயது லாப்ரடார் மணியையும் கூட்டிப்போகலாமா டாக்டர்? வண்டியில் ஏசி இருப்பதால் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம்தானே?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள், அம்மா. பத்து நாள் வேறெங்கோ அடைபட்டுக் கிடப்பதைவிட உங்கள் காலடியில் படுத்திருப்பதுதான் மணிக்குச் சுகம். ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கவலை தருகிறது. ஏசியை நம்பி இந்தப் பயணத்தை வகுக்காதீர்கள்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைக்கும்போது நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் அதன் சூடு தணிகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அங்கே நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்குவது மெதுவாகத்தான். உள்நாட்டின் வறண்ட வெயிலைத் தாங்கும் நாய், அதைவிடச் சூடு குறைந்த பூவாரில் துவண்டுபோவதற்கு இதுவே காரணம். லாப்ரடாருக்கு இரட்டை அடுக்கு ரோமம் வேறு. மணி கொஞ்சம் பருமனாகவும் இருந்தால் சிரமம் கூடும்.

இன்ஜின் ஓடாமல், வெளி மின்சாரமும் இல்லாமல் நிற்கும் இடத்தில் ஏசி நின்றுவிடலாம். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறிவிடும். ஒரு கடையில் புட்டும் கடலையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரம் அவ்வளவுதான். ஆகவே ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் மணியோடு இருக்க வேண்டும். இதில் விலக்கே வேண்டாம்.

கடற்கரையை விடியற்காலைக்கும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் மணியின் பாதமும் தாங்காது. காலை பத்திலிருந்து நான்கு மணிவரை நிழலிலோ, ஓடும் வண்டியிலோ இருக்கட்டும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடத்துங்கள். வீட்டுத் தண்ணீரைக் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரை நக்கிக் குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

மணியின் நாக்கைப் பார்த்துப் பழகுங்கள். நுனி அகப்பைபோல் அகன்று தொங்கினால், எச்சில் கெட்டியாகி நூல்நூலாக இழுத்தால், ஈறு செங்கல் நிறமானால் உடனே நிறுத்துங்கள். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. அடிவயிறு, தொடை, பாதங்களில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குளிரவைக்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வெயிலுக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது பேத்தை மீனை. நீரோடி, பொழியூர், விழிஞ்ஞம் என்று கரைமடி (கரையில் நின்றே இழுக்கும் பெருவலை) இழுக்கும் கரைகளில் வலையில் சிக்கிய பேத்தையை மணலிலேயே எறிந்துவிடுவார்கள். வெள்ளை வயிறு பந்துபோல் உப்பி, கிளி மூக்கு போன்ற பல்லோடு கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு காய்ந்தாலும் போகாது. ஒருமுறை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தார்கள். நான்கு காலும் துணியாகத் துவண்டிருந்தன. கண் மட்டும் என் கையைப் பின்தொடர்ந்து கொண்டே இருந்தது. உணர்வு முழுக்க இருந்தும் உடம்பு அசையாத நிலை அது. இரவெல்லாம் ஆக்சிஜன் வைத்தோம், பிழைத்தது. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. லாப்ரடார் எதையும் விழுங்கும் இனம் என்பது உங்களுக்கே தெரியும். கரையில் கயிற்றை விடாதீர்கள். முடிந்தால் மூச்சிரைக்க இடம்விடும் கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். தூண்டில் முள்ளுக்கும் அதுவே காவல்.

வர்க்கலாவின் செம்பாறைக் குன்றின் விளிம்பில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். கீழே பாபநாசம் கரையில் முன்னோருக்குப் பலியிட்ட சோற்றுருண்டைகள் கிடக்கும். அந்தப் பக்கம் மணியை இறக்கவே வேண்டாம். ஆலப்புழாவிலும் பூவாரிலும் தேங்கிய காயல் நீரை நக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் ஓராண்டுக்குள் போட்டதாக இருக்கட்டும். தடுப்பூசிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி மருந்தும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு கள்ளக்கடலும் சேரும். காற்றோ மழையோ இல்லாமல், தொலைதூரக் கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறும். அந்த நாள்களில் மட்டுமல்ல, எப்போதுமே வண்டியை மணலில் நிறுத்தாதீர்கள்.

எல்லையைத் தாண்டினால் பலகைகளில் ‘மிருகாசுபத்திரி’ என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். இரவு தங்கும் ஒவ்வோர் ஊரிலும் அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் விசாரித்து வையுங்கள்.

கேரவனைப் பத்து நாளுக்குப் பதிவு செய்யும் முன்பு ஒரே ஓர் இரவுக்கு எடுத்து, தேங்காய்ப்பட்டணம் வரை போய்வாருங்கள். வண்டி ஆட்டத்தில் மணி வாந்தி எடுக்கிறானா, இரவில் தூங்குகிறானா என்று பாருங்கள். திரும்பும் வழியில் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். எடையும் இதயமும் பார்த்துவிடுகிறேன்.