ஓர் எழுத்தை மாற்றினால் அது வேறு பெயர்

கேள்வி: ருமேனியாவின் க்ளுஜ் நகரில் கணவரும் நானும் வேலை பார்க்கிறோம். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்க இருக்கிறது. கீழ்வீட்டுப் பாட்டி சொன்ன ‘இலெயானா’ என்ற பெயர் எங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஓர் இணையதளம் ‘டிராய் நகரத்துப் பெண்’ என்கிறது. அழிந்த ஊரின் பெயர் வேண்டாம் என்கிறார் மாமியார். ஊரில் எண்கணிதம் பார்ப்பவரோ ஓர் எழுத்தை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாக வையுங்கள். டிராய்க்கு இலியோன் என்று இன்னொரு பெயர் உண்டு, காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது என்று யாரோ முடிச்சுப் போட்டதை இந்தப் பெயர்ப் பட்டியல் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்து வைத்திருக்கின்றன. இலெயானா என்பது எலெனா என்ற பெயரின் ருமேனிய வடிவம் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மூலம் கிரேக்க ஹெலெனே. அதற்குத் தீப்பந்தம், ஒளி என்று பொருள் சொல்வது வழக்கம், அறிஞர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை.

அந்த ஊரில் இந்தப் பெயருக்கு வாழ்வு கொடுத்தது அகராதி இல்லை, கதை. இலெயானா கொசின்சியானா, பொன்னிறக் கூந்தல்காரி, ஸ்மேவு என்ற அரக்கனிடமிருந்து ஃபத்-ஃப்ருமோஸ் என்ற கதை இளவரசன் மீட்டு வரும் அழகி. அவள் பின்னலில் இருக்கும் பூ பாடுமாம், ஒன்பது ராஜ்யங்கள் கேட்குமாம்! 1909-ல் பிறந்த ருமேனிய இளவரசிக்கும் இதே பெயர்தான். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். ஆங்கில எழுத்தில் Ileana என்பதில் ‘எல்’லுக்கு அடுத்த ‘இ’யை (e) ‘ஐ’ (i) ஆக்கச் சொல்லியிருப்பார், பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்படி மாற்றினால் அது இலியானா. பல்கேரியாவில் இலியா என்ற ஆண்பெயரின் பெண்பால் அது. எலியா தீர்க்கதரிசியின் பெயர், அவர் திருநாள் ஜூலை 20. பெயருக்குரிய புனிதரின் நாளில் வாழ்த்துவது அங்கே வழக்கம்; இலெயானாவுக்கோ புனித எலெனாவின் நாளான மே 21-ல் வாழ்த்துச் சொல்வார்கள். தமிழில் இரண்டையும் இலியானா என்றே எழுதிவிடுகிறோம், அதனால் வித்தியாசம் தெரிவதில்லை. பெயரைச் சொல்லும்போது ‘லெயா’வை ஒரே அசையாக, அங்கே அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். பல்கேரிய உறவு இருந்து அந்தப் பெயரே வேண்டுமென்றால் அது வேறு, தெரிந்தே வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டுத்தொகை சொல்பவருக்காக வைக்காதீர்கள்.

அப்புறம், ருமேனியப் பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதேதான் புக்கரெஸ்ட் இந்தியத் தூதரகப் பதிவிலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவை ஓராண்டுக்குள் செய்தாக வேண்டும், குடியுரிமை அதில்தான் நிற்கிறது. இங்கே ஓர் எழுத்து பிசகினால் திருத்த எத்தனை முறை அலைய விடுவார்கள் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வரும் ஏஜென்ட்டிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிப் பதிவு அலுவலரிடம் நீங்களே கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.